ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள்

சைக்கிளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சைக்கிளுக்குப் பணக்காரச் சிநேகிதம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். பணக்காரச் சிநேகிதம் கிடைத்த ஏழையின் கதி என்ன ஆகும் என்பது கதை எழுதுகிறவனுக்கும் தெரியும், கதை படிக்கிற உங்களுக்கும் தெரியும்.

கோயமுத்தூர்ப் பக்கத்துக் கம்பெனிகள் சிலவற்றில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அதற்குச் 'சைக்கிள் தினம்' என்று பேர். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காரியாலயத்துச் சிப்பந்திகளையும், கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வாடிக்கைக்காரர்களையும், ஏஜெண்டுகளையும் ஒன்றாகத் திரட்டுகிறார்கள். எல்லாருக்கும் கம்பெனியின் பேர் அச்சிட்ட பனியன் ஒன்றைக் கொடுக்கிறார்கள். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கச் செய்கிறார்கள். கடைசியில் ஒரு தோப்பிலோ ஓட்டலிலோ பொங்கலும் வடையும் போட்டு, வரிசையாக நிறுத்திப் படம் பிடித்து, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று ஒரு பிரசங்கம் செய்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஜூன் 3ஆம் தேதியை உலகச் சைக்கிள் தினம் என்று 2018இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததும் இவர்களுக்குச் சௌகரியமாகப் போயிற்று.

இந்த வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். இது விளையாட்டு அல்ல, ஓய்வும் அல்ல, சம்பளமில்லாத வேலை. சைக்கிளுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லிக்கொண்டு உண்மையான சைக்கிள்காரனை அவமதிக்கிற காரியம். இந்த இரண்டையும் நிரூபிக்கத்தான் இந்தக் கட்டுரை.

'இந்த மனிதருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது போலிருக்கிறது' என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுத்து, இருக்கைக்கு எட்டாத வயதில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவன் நான். என் தகப்பனார் மில் தொழிலாளி. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்த பிறகு கோயமுத்தூரைச் சுற்றிலும் மில்கள் முளைத்தன. சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து சங்குச் சத்தத்துக்குப் பயந்து, கைப்பிடியில் தூக்குப்போசி ஆட, ஷிப்டுக்கு ஷிப்டு வந்து போன பல தலைமுறைகளில் அவரும் ஒருவர். அந்தச் சங்குகளில் பல இன்றைக்கு ஓய்ந்துவிட்டன. அந்தச் சைக்கிள்கள் இல்லாவிட்டால் இந்த ஊருக்கு 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்ற பட்டம் கிடைத்திருக்காது.

தம் சொந்த விருப்பத்தினால் கூடி ஓட்டுகிறவர்கள் மீதும் எனக்கு வழக்கு இல்லை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் மிதித்தே ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர்கள் வகுத்த ஒரு நியதி உண்டு. அதில் பின்னால் உதவி வண்டி வராது, பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும், முதலில் வந்தவனுக்குப் பரிசும் கிடையாது. அதற்காகவும் நம்மவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். அது அவர்கள் கால், அவர்கள் ஞாயிற்றுக்கிழமை.

நான் கேட்பது, கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

'யாரையும் நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே!' என்பார்கள். இந்தப் பதிலை நான் எதிர்பார்த்துத்தான் இருக்கிறேன். சென்ற ஆடி மாதத்தில் அப்படிப்பட்ட ஒரு சைக்கிள் தினத்துக்கு என்னையும் விருந்தாளியாக அழைத்திருந்தார்கள். கம்பெனியின் பேர் வேண்டாம். அழைத்த அதிகாரி என் கதைகளைப் படிக்கிறவர், நல்ல மனிதர். பேரூர் வழியாக ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என்று சிறுவாணி மலையடிவாரத்தை நோக்கிப் பிரயாணம். என் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்தவர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு வாலிபர். முகம் வெளிறி, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, வேதனையோடு வந்தார். 'முடியாவிட்டால் இறங்கிவிடலாமே' என்றேன்.

"போன வருசம் நான் வரலீங்க சார். அப்பறம் ரெண்டு மாசம், பாக்கறப்பெல்லாம் மேனேஜர் 'என்னப்பா, ஒடம்பு தேவலையா?'ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டே இருந்தாருங்க. அதுக்கு இந்தக் கால்வலியே பரவால்லீங்க" என்றார்.

கட்டாயம் என்பது எப்போதும் சவுக்கோடுதான் வரும் என்று நினைக்கிறவர்கள் காரியாலயத்தில் வேலை பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள். சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் சிரித்துக்கொண்டே ஒன்றைக் கேட்டால், அது வேண்டுகோள் ஆகாது. 'வரமுடியாது' என்று சொல்லும் உரிமை எல்லாருக்கும் இருக்கிறது; அந்த உரிமையை உபயோகித்தவன் யார் என்று குறித்து வைத்துக்கொள்ளும் ஞாபகசக்தியும் மேலே இருப்பவர்களுக்கு இருக்கிறது. பெண் சிப்பந்திகளின் பாடு இன்னும் மோசம். வாரத்தில் ஆறு நாள் அவசரம் அவசரமாக அடுப்போடு மல்லாடுகிறவளுக்கு நிதானமாக விடிகிற ஒரே காலை ஞாயிற்றுக்கிழமைக் காலை. அதையும் பனியன் மாட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை யார் கொடுத்தது? எந்த முதலாளியும் தானமாகக் கொடுத்ததல்ல. பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடி 1890ஆம் ஆண்டில் வாங்கிக் கொடுத்தது. பிறகு சட்டமாயிற்று. சுதந்திரம் வந்தபின் செய்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வார விடுமுறை நாளில் தொழிலாளியை வேலை செய்யும்படி கேட்கவும் கூடாது, அவனாக வந்தாலும் செய்ய விடக்கூடாது என்று எழுதி வைத்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதிலும், வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை செய்ய அனுமதிக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது.

'அனுமதிக்கக் கூடாது' என்பதைக் கவனியுங்கள். சட்டம் எழுதியவர்கள் உலகம் தெரிந்தவர்கள். 'அவனே இஷ்டப்பட்டு வந்தான்' என்று ஒரு நாள் சொல்லுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சைக்கிள் மிதிப்பது வேலை இல்லையே என்று வக்கீல் வாதம் செய்யலாம். வாடிக்கைக்காரரோடு பேசிச் சிரிப்பது திங்கட்கிழமை வேலையாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை அது எப்படி விளையாட்டாகிவிடும்?

வாடிக்கைக்காரராவது சந்தோஷமாக வருகிறாரா என்றால், அதுவும் இல்லை. அன்றைக்கு எங்களோடு வந்தவர்களில் பம்பு செட்டு ஏஜெண்டு ஒருவர். அறுபதை எட்டின வயது; கனத்த சரீரம்; முழங்கால் நோவு. அவரைச் சுற்றிலும் ஆறேழு பேர். 'ஐயா எப்படி மிதிக்கிறார் பாருங்க, நமக்கெல்லாம் வராது' என்று அவர் காது கேட்க ஒருவர் சொல்ல, அதை வழிமொழிய இன்னொருவர். இளநீர் வெட்டின இடத்தில் அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஏனுங்க, எனக்கு வரவேண்டிய சரக்கு அங்க நிக்குதுங்க. வரமாட்டேன்னு எப்படிங்க சொல்றது?" ஆக, விற்கிறவர் வாங்குகிறவருக்காக மிதிக்கிறார், வாங்குகிறவர் விற்கிறவருக்காக மிதிக்கிறார். தனக்காக மிதிக்கிறவர் அந்தக் கூட்டத்தில் யாரென்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

சைக்கிளில் கூட்டமாகப் போவதற்கு என்று ஒரு தர்மம் இருக்கிறது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அதை விளக்குவது சுலபம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மேற்கே பார்த்து மிதிக்கிறவனை அது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அந்தக் காற்றில் ஒருவர் பின் ஒருவராக நெருங்கிப் போனால், முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுப்பார். பின்னால் வருகிறவருக்கு, நல்ல வேகத்தில், உழைப்பில் கால் பங்குக்கு மேலேயே மிச்சமாகும். ஆகவே முறை வைத்து மாறிக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் நீ காற்றை வாங்கு, கொஞ்ச நேரம் நான் வாங்குகிறேன். இதுதான் அந்த விளையாட்டின் அழகு. அங்கே பெரியவன் சின்னவன் இல்லை. முறை வந்தால் முன்னால் போக வேண்டும்.

கம்பெனிக் கூட்டத்தில் நான் கண்டது என்ன? போகும்போது, எதிர்காற்றில், சின்னச் சம்பளக்காரர்கள் நாலு பேர் முன்னால். பெரிய அதிகாரியும் பெரிய வாடிக்கைக்காரரும் அவர்கள் முதுகுக்குப் பின்னால். திரும்பும்போது, காற்று முதுகில் வாங்கித் தள்ளும்போது, பெரியவர்கள் முன்னால். படம் பிடிக்கிறவர் திரும்பும் வழியில்தான் நின்றுகொண்டிருந்தார். யாரும் இப்படிச் செய்யும்படி உத்தரவு போடவில்லை. உத்தரவு போடாமலே நடக்கிறது என்பதுதான் விஷயம். வாரம் முழுவதும் நாற்காலியில் இருக்கிற ஏற்றத்தாழ்வு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொண்டு வந்தது.

சைக்கிளின் விலையிலும் அதே கதைதான். பெரியவருடைய வண்டி கார்பன் நார் வண்டி. லட்சத்துக்கு மேல் விலை. ஏழெட்டுக் கிலோதான் எடை, ஒரு விரலில் தூக்கலாம். சின்னவருக்கு வாய்த்தது மைத்துனனிடம் இரவல் வாங்கின வண்டி, அதைப்போல இரண்டு பங்கு கனம். லட்சத்துக்குச் சைக்கிள் வாங்குவது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. அவரவர் காசு. ஆனால் 'எல்லாரும் சமமாக ஓட்டினோம்' என்று மைக்கில் பேசும்போது அந்தக் கிலோக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்து ஆசிரியர் ஹெச். ஜி. வெல்ஸ் 1896இல் சைக்கிளை வைத்தே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். கதாநாயகன் ஹூப்டிரைவர், ஒரு ஜவுளிக் கடைச் சிப்பந்தி. வருஷத்தில் ஒரு தடவை கிடைக்கிற விடுமுறையில், பழைய சைக்கிள் ஒன்றில் ஏறிப் புறப்படுகிறான். வாலிபத்தில் ஜவுளிக் கடையில் வேலை பழகி அவதிப்பட்ட வெல்ஸுக்கு அந்த விடுமுறையின் ருசி தெரிந்திருந்தது. ரோட்டில் போகிற யாருக்கும் அவன் கடைச் சிப்பந்தி என்று தெரியாது; அதுதான் அவனுக்கு ஆனந்தம். ஹூப்டிரைவர் தன் முதலாளியையும், துணி வாங்க வருகிற சீமாட்டிகளையும் கூட்டிக்கொண்டு, முதுகில் கடையின் பேரை எழுதிக்கொண்டு போயிருந்தால் அந்த நாவல் ஏது?

இவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் புதுக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அந்த ஜில்லாவில் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. கல் உடைக்கிறவர்களும் கூலி வேலைக்குப் போகிறவர்களுமான ஸ்திரீகள் ஊர்ப் பேச்சைச் சட்டை செய்யாமல் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992இல் மகளிர் தினத்தன்று அவர்கள் சைக்கிள் ஊர்வலம் போனதை இன்றைக்கும் பேசுகிறார்கள். எவருடைய பஸ்ஸுக்கும் காத்திராமல், எந்த ஆண்பிள்ளையின் பின்னாலும் உட்காராமல், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடிந்தது அவர்களுக்கு. யாரையும் எதிர்பாராமல் போகலாம் என்பதுதான் சைக்கிளின் உயிர். மேலதிகாரியைத் திருப்தி செய்வதற்காக அதை மிதித்தால், அந்த உயிரை எடுத்துவிட்டு எலும்பை மட்டும் உருட்டுகிறோம்.

அடுத்து, என் இரண்டாவது குற்றச்சாட்டு. அன்றைக்கு எங்கள் கூட்டத்துக்கு முன்னால் விளக்கை மினுக்கிக்கொண்டு ஒரு கார் போயிற்று. பின்னால் ஒரு வேன். பேரூரைத் தாண்டினதும் எதிரே பால்காரர் ஒருவர், இரண்டு பக்கமும் கேன் தொங்க, தம் பழைய சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன கார் அவரைப் பார்த்து ஹாரன் அடித்தது. காரிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, 'ஓரமாப் போ' என்று ஆட்டிற்று. அவர் தடுமாறி, மண்ணில் இறங்கி, பால் சிந்தாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் அருகில் இறங்கினேன்.

"ஏனுங்க, மந்திரி யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்ணா, கம்பெனிக்காரங்க சைக்கிள் ஓட்டறாங்க" என்றேன்.

"சைக்கிள்தானுங்களே நானும் ஓட்டிட்டு வந்தேன்!" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன எழுதவேண்டும்? சைக்கிளைக் கொண்டாடப் போன கூட்டம், அந்த ரோட்டில் அன்றைக்குக் காரியமாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதரை ரோட்டைவிட்டு இறக்கிவிட்டது.

ஒரு காலத்தில் நகரசபைகள் சைக்கிளுக்கு வருஷ வரி வசூலித்துத் தகட்டு வில்லை கொடுத்தன. விளக்கில்லாமல் போனாலும், இரண்டு பேராகப் போனாலும் போலீஸ்காரர் மறித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். வரி கொடுத்த அந்தக் காலத்திலாவது சைக்கிள்காரனுக்கு ரோட்டில் ஓர் அந்தஸ்து இருந்தது. இன்றைக்கு வரியும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. 2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி, விவசாயம் அல்லாத வேலைகளுக்குப் போகிற இந்தியர்களில் சுமார் 13 சதவிகிதம் பேர் சைக்கிளில் போனார்கள்; காரில் போனவர்கள் 3 சதவிகிதம்கூட இல்லை. ரோடு யாருக்காகப் போடப்படுகிறது என்று இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டி 2025 அக்டோபரில் திறந்தார்கள். ஜி. டி. நாயுடுவின் பேரை அதற்கு வைத்தார்கள். பொருத்தமான பேர்தான். ஓட்டல் சிப்பந்தியாக இருந்து காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டியே தொழில் கற்றுக்கொண்ட மனிதர் அவர். அந்த ரட்ஜ் கம்பெனியே முதலில் சைக்கிள் செய்த கம்பெனிதான். அவர் பேரால் பத்துக் கிலோமீட்டர் பாலம் கட்டத் தெரிந்த ஊருக்கு, ஷிப்டு முடிந்து இருட்டில் மிதித்துப் போகிறவனுக்காக ரோட்டோரத்தில் ஆறடி ஒதுக்குவது அவ்வளவு கஷ்டமா?

யார் இப்போது அப்படி மிதிக்கிறார்கள் என்று கேட்பீர்கள். கணபதிப் பக்கத்து ஃபவுண்டரிகளிலும், குறிச்சித் தொழிற்பேட்டையிலும் ஷிப்டு விடும் நேரத்தில் போய் நின்று பாருங்கள். ஒரிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் மூன்றாம் கை மாறின சைக்கிளில், பின்விளக்கு இல்லாமல், லாரிகளுக்கு நடுவே போகிறார்கள். செக்யூரிட்டிக் காவலாளி போகிறார். பாத்திரம் தேய்க்கப் போகிற அம்மாள், பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் போகிறாள். இவர்களுக்குத் தலைக்கவசம் இல்லை, முன்னால் விளக்கு மினுக்கும் கார் இல்லை, இளநீர் இல்லை, படம் பிடிக்க ஆளும் இல்லை. இவர்கள் மிதிப்பதற்கு ஆரோக்கியம் காரணமல்ல. மிதிக்காவிட்டால் போய்ச் சேர முடியாது.

அன்று என்னை அழைத்த கம்பெனியின் வாசலிலேயே இதைப் பார்த்தேன். கார் நிறுத்துகிற இடத்துக்குத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். சைக்கிள் நிறுத்துகிற இடம் சுவரோரத்தில், வெட்டவெளியில், வெயிலில் கிடந்தது. வெயிலில் எட்டு மணி நேரம் காய்ந்த டியூப் என்ன ஆகும் என்று அங்கே வண்டி நிறுத்துகிறவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

ஆகவே சைக்கிள் தினம் கொண்டாடும் கனவான்களுக்கு என் யோசனை இது. பனியனுக்கும் பொங்கலுக்கும் படத்துக்கும் செலவழிக்கிற பணத்தை எடுத்துச் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு முதலில் கூரை போடுங்கள். ராத்திரி ஷிப்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் முன்விளக்கும் பின்விளக்கும் வாங்கிக் கொடுங்கள். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமானும் காவலாளியிடம் வையுங்கள். உங்கள் செல்வாக்கைக் கொண்டு போய்க் கலெக்டரிடமும் கார்ப்பரேஷனிடமும், ஆலை வாசலிலிருந்து தொழிலாளர் குடியிருப்பு வரை சைக்கிளுக்குத் தனி ஓரம் கேளுங்கள். உங்கள் லாரிக்காக ரோடு கேட்கும்போது எத்தனை தடவை நடந்தீர்களோ அத்தனை தடவை நடந்து கேளுங்கள். வாடிக்கைக்காரரோடு சைக்கிள் ஓட்டியே தீரவேண்டும் என்றால், புதன்கிழமை ஓட்டுங்கள். சம்பளத்தோடு ஓட்டுங்கள். எதிர்காற்றில் உங்கள் முறை வரும்போது நீங்களும் முன்னால் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தொடாதீர்கள். அது உங்களுடையதல்ல. அந்தக் கணக்குப்பிள்ளை வாலிபர் அன்றைக்குப் பத்து மணி வரை தூங்கட்டும். எழுந்து தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்து, அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுச் சாப்பிடட்டும். சாயங்காலம் மனசு வந்தால் தன் குழந்தையைக் காரியரில் உட்காரவைத்து, எங்கே போகிறோம் என்று யாருக்கும் சொல்லாமல், ஒரு சுற்றுப் போய்விட்டு வரட்டும்.